“போட்டோவை வெளியே விட்டுடுவேன்” என்று மிரட்டினால் சட்டம் என்ன செய்யும்?

இரவு பதினொன்றே முக்கால் மணிக்கு ஒரு மெசேஜ் வருகிறது என்று வையுங்கள். “நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள 20 ஆயிரம் அனுப்பு. இல்லாட்டி உன் போட்டோ எல்லாம் உங்க ஃபேமிலி குரூப்ல இருக்கும்.” கூடவே சாம்பிளுக்கு ஒரு படம், ஒரே முறை பார்க்கும்படி அனுப்பியது. அனுப்பியவர் பழைய காதலனாக இருக்கலாம், கூடப் படித்தவனாக இருக்கலாம், முகமே தெரியாத யாரோவாகவும் இருக்கலாம். கை நடுங்க, முதலில் தோன்றுவது மூன்று விஷயங்கள்: காசைக் கொடுத்துவிடலாமா, சாட்டை எல்லாம் அழித்துவிட்டு எண்ணை பிளாக் செய்துவிடலாமா, வீட்டுக்குத் தெரியாமல் எப்படிச் சமாளிப்பது. நாலாவதாகத் தோன்ற வேண்டியது போலீஸ். அது பெரும்பாலும் தோன்றுவதே இல்லை. தோன்றினாலும், “படம் இன்னும் வெளியே வரவே இல்லையே, வெறும் மிரட்டலுக்குப் போய் கேஸ் போடுவார்களா?” என்ற கேள்வியில் அந்த யோசனை அங்கேயே நின்றுவிடுகிறது.

போடலாம். படம் வெளியாகும் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை, மிரட்டல் தனியாகவே குற்றம்தான். ஆனால் இந்தியச் சட்டத்தில் இதற்கென்று ஒரே ஒரு பிரிவு கிடையாது. நாலைந்து சட்டங்களில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. அதனால் புகார் மனுவில் நீங்கள் எதை எழுதுகிறீர்கள், எதை வெட்கப்பட்டு விட்டுவிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து, அதே சம்பவம் ஒரு ஸ்டேஷனில் ஏழு வருட வழக்காகவும் இன்னொரு ஸ்டேஷனில் “கோர்ட்டுக்குப் போங்கம்மா” என்று திருப்பி அனுப்பப்படும் காகிதமாகவும் ஆகிவிடுகிறது.

பணம் கேட்டு மிரட்டுவதிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் சட்டத்துக்கு அது ரொம்பப் பழகிய விஷயம். 1860-இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் மிரட்டிப் பறித்தல் என்ற குற்றத்துக்கு முதல் உதாரணமே, “உன்னைப் பற்றி அவதூறாக வெளியிடுவேன், பணம் கொடு” என்று ஒருவர் சொல்லிப் பணம் வாங்குவதுதான். கேமரா போன் வருவதற்குச் சுமார் நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னாலேயே இந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, உதாரணம் மட்டும் அப்படியே 308-ஆவது பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. மிரட்டலுக்குப் பயந்து நீங்கள் பணம் கொடுத்துவிட்டால் குற்றம் முழுமையாகிறது, ஏழு வருடம் வரை சிறை, ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. கொடுக்கவில்லை என்றாலும், பறிப்பதற்காகப் பயமுறுத்தியதற்கே இரண்டு வருடம் வரை உண்டு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பயந்துபோய் 5,000 ரூபாய் ஜிபே செய்துவிட்டோமே என்று பலர் அதை மனுவில் எழுதாமல் மறைக்கிறார்கள், ‘நம்மளும் தப்பு பண்ணிட்டோம்’ என்ற நினைப்பு. சட்டத்தின் கண்ணில் அந்த 5,000 ரூபாய்தான் வழக்கின் முதுகெலும்பு. அது இருந்தால் ஏழு வருடம், இல்லையென்றால் இரண்டு. அந்தப் பணப் பரிமாற்றத்தின் எண்ணும் எந்த யுபிஐ ஐடிக்குப் போனது என்பதும் பெயர் தெரியாத ஆளைத் தேடிப் பிடிக்கவும் போலீஸுக்குக் கிடைக்கும் நல்ல நூல்முனை.

பணம் கேட்காமல் வேறு எதையாவது கேட்டால்? “இன்னொரு போட்டோ அனுப்பு”, “லாட்ஜுக்கு வா”. இங்கே 308 சரியாகப் பொருந்தாது, அது சொத்தையும் மதிப்புள்ள ஆவணத்தையும் பற்றிப் பேசும் பிரிவு. ஆனால் பாலியல் இணக்கம் கேட்பது அதே சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவில் பாலியல் தொல்லை, மூன்று வருடம் வரை. வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் மறுபடி மறுபடி மெசேஜ், கால், புதுப்புதுக் கணக்குகளிலிருந்து ரிக்வெஸ்ட் என்றால் 78, பின்தொடர்தல். எதுவுமே கேட்காமல், “என்னை விட்டுட்டு வேற எவனையாவது கட்டிக்கிட்ட, அப்புறம் பாரு” என்கிற ரகமும் உண்டு. அதற்கு 351, குற்றமுறு மிரட்டல். உடம்புக்கு, சொத்துக்கு, நற்பெயருக்குக் கேடு செய்வேன் என்று எந்த வழியில் மிரட்டினாலும் அதில் வரும்.

அந்த 351-க்குள் ஒரு விசித்திரமான வாசகம் இருக்கிறது. சாதாரண மிரட்டலுக்கு இரண்டு வருடம், கொன்றுவிடுவேன் என்ற மிரட்டலுக்கு ஏழு வருடம். அந்த ஏழு வருடப் பட்டியலில், கொலை மிரட்டலுக்குப் பக்கத்திலேயே, ஒரு பெண்ணின் கற்பில் களங்கம் கற்பிப்பேன் என்று மிரட்டுவதையும் சேர்த்திருக்கிறார்கள். விக்டோரியா காலத்து மூளை எழுதியது என்பது படித்தாலே தெரியும், எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது, 2023-இல் சட்டத்தைப் புதிதாக எழுதியவர்கள் அதை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. சரி, இருக்கும் வரை அது உங்கள் கையில் உள்ள ஆயுதம்: “உன் யோக்கியதை என்னன்னு ஊருக்கே காட்டுறேன்” என்று ஒருவன் ஒரு பெண்ணிடம் சொன்னால், அந்தப் பழைய வாசகத்தைச் சுட்டி ஏழு வருடப் பகுதியைக் கேட்க இடமிருக்கிறது. பெயரை மறைத்து, போலிக் கணக்கிலிருந்து மிரட்டினால் கூடுதலாக இரண்டு வருடம்.

ஆனால் 351-ஐ மட்டும் நம்பி ஸ்டேஷனுக்குப் போனால் ஒரு சிக்கல் இருக்கிறது, இது நிறையப் பேருக்குத் தெரியாது. குற்றங்களை இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள், போலீஸ் தானே எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கக்கூடிய காக்னிசபிள் குற்றம், மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் விசாரிக்க முடியாத நான்-காக்னிசபிள் குற்றம். நாடு முழுவதற்குமான சட்ட அட்டவணையில் 351 இரண்டாவது வகை. ஆகவே மனுவில் மிரட்டுகிறான் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், எழுத்தர் அதைப் படித்துவிட்டு இது எங்கள் கையில் இல்லை என்று சொல்வதற்குச் சட்டத்திலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. 308, 75, 78, அந்தரங்கப் படத்தைப் பரப்புவது பற்றிய 77, இவை எல்லாம் முதல் வகை. இன்னொரு விதியும் உண்டு: ஒரே சம்பவத்தில் ஒரு குற்றமாவது காக்னிசபிள் என்றால் முழு வழக்கையுமே அப்படித்தான் நடத்த வேண்டும். பணம் கேட்டதை, தப்பான கோரிக்கை வைத்ததை, தொடர்ந்து தொல்லை கொடுத்ததை, ஏற்கெனவே ஒரு நண்பருக்குப் படத்தை அனுப்பியிருந்தால் அதை, எதையும் விடாமல் எழுதச் சொல்வது இதனால்தான்.

எப்படி எழுதுவது? பொதுவாக நம் ஊர் மனுக்கள் இப்படி இருக்கும்: “மேற்படி நபர் எனக்குத் தொடர்ந்து மன உளைச்சல் கொடுத்து வருகிறார், ஆகவே ஐயா அவர்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” இதில் குற்றம் எங்கே இருக்கிறது? இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “மார்ச் 3-ஆம் தேதி இரவு 11.42 மணிக்கு இந்த வாட்ஸ்அப் எண்ணிலிருந்து, ‘நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள 20 ஆயிரம் அனுப்பு, இல்லாட்டி உன் போட்டோ எல்லாம் உங்க ஃபேமிலி குரூப்ல இருக்கும்’ என்று செய்தி வந்தது. பயந்துபோய் மறுநாள் காலை 9.10-க்கு 5,000 ரூபாய் அனுப்பினேன். அன்று இரவே மீண்டும் 15,000 கேட்டார். ‘பணம் இல்லன்னா நேர்ல வா’ என்று 10.30-க்கு எழுதினார். படத்தை எடுக்க நான் சம்மதித்திருந்தேன், யாருக்கும் அனுப்பச் சம்மதிக்கவில்லை.” அவ்வளவுதான். பிரிவு எண் ஒன்றுகூட நீங்கள் எழுத வேண்டாம். முதல் வரியில் மிரட்டல், இரண்டாவதில் பறிப்பு, நாலாவதில் பாலியல் கோரிக்கை என்று ஒவ்வொரு வாக்கியமும் தனக்கான பிரிவைத் தானே இழுத்துக்கொண்டு வரும். மிரட்டியவரின் வார்த்தைகளைத் திருத்தாமல், கெட்ட வார்த்தை இருந்தால் அதையும் சேர்த்து, அப்படியே எழுதுங்கள்.

மாதிரி மனுவில் சம்மதம் பற்றிய அந்தக் கடைசி வரி எதற்கு என்றால், ஸ்டேஷனில் முதலில் வரும் கேள்வியே பெரும்பாலும், “ஏம்மா, நீயேதானே அனுப்பியிருக்க?” என்பதுதான். இதற்குச் சட்டம் ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருக்கிறது. பழைய 354சி, இப்போது 77, ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைப் பார்ப்பது, படம் பிடிப்பது, பரப்புவது பற்றிய பிரிவு. அதன் இரண்டாவது விளக்கம், படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும் மூன்றாம் நபருக்குப் போகச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியது குற்றம் என்று நேரடியாகச் சொல்கிறது. முதல் முறைக்குக் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் மூன்று. இரண்டாவது முறையும் குற்றம் நிரூபணமானால் மூன்றிலிருந்து ஏழு வரை, அப்போது ஜாமீன் அவ்வளவு லேசில் கிடைக்காது.

படம் ஒருவருக்காவது போய்விட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் வழக்கில் சேரும். 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்பைச் சம்மதமில்லாமல் படம்பிடித்தாலோ பரப்பினாலோ மூன்று வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 67ஏ, பாலியல் செயல் உள்ள காட்சியைப் பரப்பினால் ஐந்து வருடம், 10 லட்சம் வரை அபராதம், ஜாமீனில் விட முடியாதது. இதில் 66இ-க்கு ஒரு எல்லை இருக்கிறது. ‘அந்தரங்க உறுப்பு’ என்றால் என்ன என்று அந்தச் சட்டம் குறுகலாக வரையறுத்து வைத்திருக்கிறது, உள்ளாடையோடு இருந்தாலும் அதில் அடங்கும், ஆனால் கட்டிப்பிடித்து நிற்கும் செல்ஃபி அடங்காது. நம் ஊரில் ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்த அந்த செல்ஃபியே போதும், அது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட படத்தை வைத்து மிரட்டினால் 66இ-யை எதிர்பார்க்காதீர்கள், 308, 351, 75, 78 இவைதான் கைகொடுக்கும். மிரட்டல் பிரிவுகளுக்குப் படத்தில் என்ன இருக்கிறது என்பது முக்கியமே இல்லை.

அதே காரணத்தால் படம் உண்மையா, மார்ஃபிங்கா என்பதும் அங்கே முக்கியமில்லை. லோன் ஆப்காரர்கள் ஆதார் படத்தை எடுத்து ஒட்டி, போனில் உள்ள அத்தனை பேருக்கும் அனுப்புவோம் என்று மிரட்டுகிறார்களே, அதுவும் பறிப்புதான். “அது நான் இல்லை” என்று ஊருக்கு நிரூபித்துக்கொண்டு திரிவது உங்கள் வேலை இல்லை.

இனி ஆதாரம். பயத்தில் சாட்டை அழிப்பதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு, ஏனென்றால் நீங்கள் அழிப்பது உங்கள் வழக்கை. எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒருமுறை மட்டும் காட்டும் படத்தை வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது, அதனால் திறப்பதற்கு முன்னாலேயே இன்னொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு, திரையை அதில் படம் எடுங்கள். தானாக மறையும்படி சாட் செட் செய்யப்பட்டிருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் இருக்காது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் என்றால் பெயரை மட்டும் குறித்துக்கொள்வதில் பயனில்லை, பெயரை அரை நிமிடத்தில் மாற்றிவிடலாம், கணக்கின் முழு லிங்க்கையும் யூசர்நேமையும் எழுதி வையுங்கள். நீதிமன்றத்தில் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் நிற்க வேண்டுமென்றால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவில் ஒரு சான்றிதழ் வேண்டும், வக்கீல்கள் இன்னும் பழக்கதோஷத்தில், பழைய சட்டத்தின் எண்ணை வைத்து ‘65பி சர்டிபிகேட்’ என்பார்கள். அந்தச் செய்தி வந்த போனையே ஒப்படைத்தால் அது அசல் ஆதாரம். ஆகவே போனை மாற்றாதீர்கள், ரீசெட் போடாதீர்கள், விற்றுவிடவே விற்காதீர்கள். அப்புறம் ஒன்று, ஆதாரம் காட்டுகிறேன் என்று அந்தப் படத்தை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், எஸ்.ஐ. கேட்டாலும் சரி. நேரில் போனில் காட்டலாம், முறையாக மகஜர் (சாட்சிகள் முன்னால் கைப்பற்றியதற்கான பதிவு) போட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

பணம் கொடுத்தால் முடிந்துவிடுமா? கொடுத்த அன்றைக்கு அவருக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிடுகிறது, உங்களுக்குப் பயம் இருக்கிறது, உங்களிடம் காசும் இருக்கிறது. படம் அவரிடமேதான் இருக்கிறது. ஏற்கெனவே கொடுத்திருந்தால், அதுவும் கொடுத்து அதிக நேரம் ஆகவில்லை என்றால், சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள், பணம் போன கணக்கை முடக்க முயற்சி செய்வார்கள்.

புகாரை எங்கே கொடுப்பது என்பதில் முன்பைவிட இப்போது நிலைமை பரவாயில்லை. எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் கொடுக்கலாம், “இது எங்க எல்லை இல்லை” என்று சொல்ல முடியாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய இடத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும். ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல் பக்கத்து மாவட்டத்தில் புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஆன்லைனில் அனுப்பினாலும் செல்லும், மூன்று நாளைக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். 75 முதல் 79 வரையிலான பிரிவுகளில் பெண் கொடுக்கும் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டம்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குப் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கும் வழியும் உண்டு. ஆனால் அப்படிக் கொடுத்தால் புகார் என்ன ஆயிற்று என்று பிறகு பின்தொடர முடியாது, வழக்கு நடக்க வேண்டுமென்றால் பெயரோடு கொடுப்பதே நல்லது.

ஸ்டேஷனில் நடக்கக்கூடியதையும் சொல்லிவிட வேண்டும். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுப்பார்கள், பையனைக் கூப்பிட்டு நாலு அதட்டு அதட்டி, போனில் இருந்ததை அழிக்கச் சொல்லி, ‘இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு, “முடிச்சாச்சும்மா, பொண்ணு வாழ்க்கை, கேஸ்னு போனா உனக்குத்தான் கஷ்டம்” என்பார்கள். சில குடும்பங்களுக்கு அது போதும் என்று தோன்றலாம், அது அவர்கள் முடிவு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது, வழக்கு இல்லை. காக்னிசபிள் குற்றம் தெரிகிற புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம், அவ்வளவுதான் சலுகை. மறுத்தால் மனுவின் நகலை ஸ்பீட் போஸ்டில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்பவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

பலரைத் தடுப்பது போலீஸ் பயம்கூட இல்லை, பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம்தான். அது வெறும் கற்பனைப் பயமும் இல்லை. பொள்ளாச்சியில் பெண்களைப் படம்பிடித்து மிரட்டிய கும்பல் மீது 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்தபோது, அவர் பெயர் காவல்துறைப் பேட்டியிலும் வெளியானது, வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அரசைக் கண்டித்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2025 மே 13-இல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கொடுத்தது, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் இழப்பீடு. தீர்ப்புக்கு ஆறு வருடம் ஆனது. ஆனால் சாட்சி சொன்ன பெண்களில் ஒருவர்கூட இடையில் பிறழவில்லை, எனக்கு அந்த வழக்கில் இன்னும் வியப்பாக இருப்பது அதுதான்.

சட்டத்தில் ஓட்டையும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று சொல்லும், நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவு பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்குத்தான், படம் பரப்பும் 77-ஐ அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 2025-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வக்கீலின் வழக்கு வந்தது, அவருக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட காட்சிகள் இணையம் முழுக்கப் பரவியிருந்தன. அவர் பெயர் எஃப்.ஐ.ஆரிலேயே இருந்தது, ஆண் காவலர்கள் ஏழு பேர் சுற்றி நிற்க அந்த வீடியோவில் இருப்பவனை அடையாளம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வக்கீலுக்கே இந்தக் கதி. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பெயரை நீக்கச் சொன்னதோடு, 48 மணி நேரத்துக்குள் காட்சிகளை முடக்க மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் அதே வருடம் நவம்பரில், இப்படிப்பட்ட படங்களை எப்படி அகற்றுவது என்று அமைச்சகம் ஒரு நடைமுறையை வெளியிட்டது. ஆகவே புகார் கொடுக்கும்போதே, எஃப்.ஐ.ஆரில் என் பெயரை மறைக்க வேண்டும், பெண் அதிகாரி மட்டுமே படத்தைப் பார்க்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதிக் கேளுங்கள்.

படம் உண்மையிலேயே வெளியே போய்விட்டால், வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், அகற்றும் வேலையை அதற்காகக் காக்க வைக்க வேண்டாம். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்படி, நிர்வாணமோ பாலியல் செயலோ உள்ள படம் பற்றி, மார்ஃப் செய்ததாக இருந்தாலும், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ புகார் கொடுத்தால் அந்தத் தளம் 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அந்தக் கெடு அதற்குப் பிறகு இன்னும் இறுக்கப்பட்டிருக்கிறது. போலீஸ் கடிதம், எஃப்.ஐ.ஆர். எதுவும் தேவையில்லை. வெறும் ரிப்போர்ட் பட்டனோடு நிற்காமல், ஒவ்வொரு தளத்துக்கும் இந்தியாவில் இருக்க வேண்டிய குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். மறுத்தால் 30 நாளைக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். கூகுள் போன்ற தேடுதளங்களும் தப்ப முடியாது, பாதிக்கப்பட்டவரை ஒவ்வொரு லிங்க்காகத் தேடித் தேடிக் கொடுக்கச் சொல்லி அலைக்கழிக்கக் கூடாது என்று டில்லி உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

இன்னும் வெளியாகவில்லை, மிரட்டல் மட்டும்தான் என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்று பிரிட்டனிலிருந்து இயங்கும் ஒரு இலவச சேவை. படத்தை நீங்கள் யாருக்கும் அனுப்ப வேண்டாம், உங்கள் போனிலேயே அதிலிருந்து ஹாஷ் என்ற எண் ஒன்றை உருவாக்கும், கைரேகை மாதிரி. அந்த எண் மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற கூட்டாளித் தளங்களுக்குப் போகும். நாளைக்கு யாராவது அதே படத்தை அங்கே ஏற்றினால் தளம் அடையாளம் கண்டு தடுக்கும். கூட்டுச் சேராத தளங்களில் இது வேலை செய்யாது, வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்புவதையும் தடுக்காது. ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் செய்து முடிக்கக்கூடிய வேலை அது.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் எல்லாமே மாறிவிடுகிறது. ஒரு குழந்தையின் உடலைக் காட்டும் படத்தை, அது உண்மையானதோ உருவாக்கியதோ, வெளியிடுவேன் என்று மிரட்டுவதையே போக்சோ சட்டத்தின் 11-ஆவது பிரிவு பாலியல் தொல்லை என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. பெரியவர்களுக்கான சட்டத்தில் இவ்வளவு தெளிவான ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே பாதியாகியிருக்கும். ஆணா பெண்ணா என்ற வேறுபாடும் அதில் இல்லை. விஷயம் தெரிந்த பெரியவர்கள் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம், பள்ளி நிர்வாகம் ‘நாங்களே பேசி முடித்துக்கொள்கிறோம்’ என்று சொல்ல முடியாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு அழைக்கலாம்.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முகம் தெரியாத கும்பல்களின் வலையில் அவர்கள் நிறைய விழுகிறார்கள். தெரியாத பெண்ணிடமிருந்து வீடியோ கால், பத்து நொடி பேச்சு, அதற்குள் ஸ்கிரீன் ரெக்கார்ட், அடுத்த நாள் ‘டில்லி சைபர் போலீஸ்’ என்று இன்னொருவர் பேசுவார். 75, 77, 78 பிரிவுகள் பெண்களுக்கு மட்டுமே, ஆனால் 308, 351, ஐ.டி. சட்டப் பிரிவுகள் எல்லாருக்கும் பொது. போலீஸ் வேஷம் போட்டால் ஆள்மாறாட்ட மோசடியும் சேரும். அவர்களுக்கு உங்கள் மேல் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது, இன்றைக்குப் பத்துப் பேரிடம் முயற்சி செய்பவர்கள், பதில் சொல்லாதவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போவதுதான் அவர்களுக்கு லாபம். மிரட்டுவது கணவன் அல்லது சேர்ந்து வாழ்ந்தவன் என்றால் பெண்ணுக்குக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கவும் வழியுண்டு, அதை மீறினால் அதற்கென்று தனித் தண்டனை.

மனுவின் முடிவுக்கு வருவோம், அந்த ‘தக்க நடவடிக்கை’ வரியை எடுத்துவிட்டு மூன்று விஷயங்களைக் குறிப்பாகக் கேளுங்கள். மிரட்டியவரின் போன், லேப்டாப், மெமரி கார்டு எல்லாவற்றையும் கைப்பற்ற வேண்டும், ஏனென்றால் ஸ்டேஷனில் எல்லார் முன்னாலும் ஒரு போனிலிருந்து அழித்துக் காட்டுவதால் கூகுள் டிரைவில் இருப்பது போகாது. கைப்பற்றியதைத் தடயவியல் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். சம்பந்தப்பட்ட தளத்துக்கு உடனே கடிதம் எழுதி அந்தக் கணக்கின் விவரங்களைப் பத்திரப்படுத்தச் சொல்ல வேண்டும். மிரட்டியவர் கணக்கை மூடிவிட்டாலும் பதிவு விவரங்களை 180 நாள் வைத்திருக்கத் தளங்களுக்கு விதி இருக்கிறது, அந்த 180 நாள் கணக்கு அவர் மூடிய அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும்.